குதிகாலில் திறந்த கரை

அந்தக் காலத்தில் ஆடும் பேசும், ஆட்டைப் பிடிக்க வரும் நரியும் பேசும். உடம்புக்குள் ஓடுகிற ரத்தம் மட்டும் வாயை மூடிக்கொண்டா இருக்கும்? அதுவும் பேசிக்கொண்டேதான் ஓடியது. யாருடைய உடம்பில் ஓடுகிறதோ அவருடைய பேச்சையே அதுவும் பேசியது.

அப்போதெல்லாம் மனிதர்கள் முள் குத்திச் செத்துப்போவார்கள். புலி அடித்துச் செத்தவர்களைவிட முள் குத்திச் செத்தவர்கள்தான் அதிகம். குத்திய இடம் சிவக்காது, வீங்காது, சீழ் வைக்காது. ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி மட்டும் இருக்கும். பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

உலகம்மை ஆடு மேய்ப்பவள். ஒரு நாள் உச்சி வெயிலில் அவளுடைய குட்டி ஒன்று உடைமரப் புதருக்குள் மாட்டிக்கொண்டு கத்தியது. அவள் தரையைப் பார்க்காமல் ஓடினாள். வலது குதிகாலில் முள் ஏறியது. கூட வந்த தங்கை ஆவுடை அவளை உட்காரவைத்து, காலைத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏ அக்கா, ஆட்டாதே. வந்துட்டு."

"முழுசா வந்துட்டா?"

"முழுசாத்தான் வந்திருக்கு. இந்தா நீயே பாரு."

ஆவுடை சொன்னது பொய்யில்லை. முள் முழுசாக வந்துவிட்டது. ஆனால் முள்ளின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி வந்தவர்கள் அதற்கு முன்பே உடம்புக்குள் இறங்கிவிட்டிருந்தார்கள்.

உள்ளே ஓடிய ரத்த ஆற்றில் தும்பையன் என்று ஒருவன் இருந்தான். தும்பைப் பூ நிறம், உருண்டையான உடம்பு. அந்த ஆற்றில் பெரும்பாலானவர்கள் சுமையாட்கள். சிவப்பாக, தட்டையாக, முதுகு நிறைய மூச்சைச் சுமந்துகொண்டு ஓடுவார்கள். அவர்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளுத்த ஆட்கள் சிலர் இருந்தார்கள். அவர்களை வெண்ணிகள் என்று கூப்பிட்டார்கள். தும்பையன் ஒரு வெண்ணி.

சுமையாட்களுக்கு வேலை இருந்தது. வெண்ணிகளுக்கு இல்லை. எலும்புக்குள் இருக்கும் தாய்வீட்டிலிருந்து வெண்ணிகளை அனுப்பும்போது, "நீங்க காவல்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எதற்குக் காவல், யாரிடமிருந்து காவல் என்று யாரும் சொல்லவில்லை. தலைக்குப் போய், காலுக்குப் போய், திரும்ப நெஞ்சுக்கு வந்து, மறுபடியும் தலைக்குப் போய், இப்படிச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். மற்ற வெண்ணிகள் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தும்பையனுக்கு மட்டும் மனசு ஓர் இடத்தில் நிற்காது. ஒவ்வொரு சுற்றிலும், நாம் எதையோ செய்யாமல் விட்டுவிட்டோம் என்று தோன்றும். எதை என்று தெரியாது.

பக்கத்தில் ஓடும் செவலை என்ற சுமையாள் அவனைக் கிண்டல் செய்யாத நாளே இல்லை.

"என்ன காவக்காரரே, இன்னைக்கு யாரைப் புடிச்சீரு?"

"யாரும் ஆம்புடலை."

"ஆம்புடவும் மாட்டான். நம்ம ஆத்துல எவன் வாரான்? பேசாம என் சுமையில பாதியைத் தூக்கு."

"எனக்குத் தூக்க வராதே அண்ணே."

"தூக்க வராது, புடிக்க வராது. பெறகு எதுக்குத்தாம்வே இந்த உடம்பு?"

எல்லாரும் சிரிப்பார்கள். தும்பையனும் சிரித்துவைப்பான். சிரித்து முடித்த பிறகும் அந்தக் கேள்வி அவனுக்குள் கிடந்து உருளும்.

அந்த ஆற்றுக்கு மண்ணாலோ கல்லாலோ கரை இல்லை. பெண்கள் கையோடு கை கோத்து, தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அதுதான் கரை. உடம்பு உண்டான அன்று கோத்த கையை அவர்கள் யாரும் பிரித்ததில்லை. பிரித்தால் ஆறு வெளியே போய்விடும், ஆறு போனால் உலகம்மை போய்விடுவாள். அதனால் ஆற்று ஆட்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கரையைத் தொடக் கூடாது. கரையில் உரசுகிறவனைச் சோம்பேறி என்பார்கள். கரைக்காரிகளும் சும்மா விட மாட்டார்கள். "ஏலே, நடு ஆத்துல போலே" என்று முழங்கையால் இடித்துத் தள்ளிவிடுவார்கள். நல்ல ஆள் என்றால் வேகமாக ஓடுகிற ஆள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே நல்ல குணம் அதுதான்.

முள் குத்திய பிறகு வந்த சுற்றில், குதிகால் பக்கம் போனபோது தும்பையனுக்கு ஒரு நெடி அடித்தது. காரமான, மூக்கைத் துளைக்கிற நெடி. கரைக்கு அந்தப் பக்கம் தசைக்காட்டில் பெருவாயன் என்று ஒருவர் குடியிருந்தார். கண்டதை விழுங்குவதும், விழுங்க முடியாதபோது கத்துவதும் அவர் வழக்கம். அவருடைய கத்தல் கரையைத் தாண்டும்போது சத்தம் போய்விடும், நெடி மட்டும் கசிந்து வரும். ஆற்று ஆட்களுக்கு நெடியும் ஒரு பேச்சுதான். அந்த நெடி சொன்னது இதுதான்: 'முள்ளுல ஏறி வந்துருக்கானுவ. ஒண்ணைத் தின்னா ரெண்டாயிருதானுவ. என் ஒருத்தனால முடியலை. எவனாவது வாங்கலே!'

"அண்ணே, யாரோ கூப்பிடுதாங்க!" என்றான் தும்பையன்.

"கூப்பிட்டா கூப்பிடட்டும்" என்றான் செவலை. "கரை இருக்குல்லா? அதைத் தாண்டியா போவே?"

தும்பையன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குதிகால் பின்னால் போய்விட்டது. முழங்கால் வந்தது, தொடை வந்தது, நெஞ்சு வந்தது. திரும்பக் குதிகாலுக்கு வர உடம்பு முழுக்கச் சுற்ற வேண்டும்.

அடுத்த சுற்றில் நெடி அதிகமாக இருந்தது. மற்ற வெண்ணிகளுக்கும் அது எட்டிவிட்டது. காவல் என்ற சொல்லுக்கு அர்த்தம் கிடைத்துவிட்டதாக அவர்கள் துள்ளினார்கள். துள்ளி என்ன செய்தார்கள்? தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். வேகமாக ஓடினார்கள். ஆபத்து என்றால் விரைய வேண்டும் அல்லவா? மூச்சு வாங்க நீந்திக் குதிகாலுக்கு வந்தார்கள். வந்த வேகத்திலேயே குதிகாலைத் தாண்டிப் போனார்கள்.

"இன்னும் வேகம் பத்தலை" என்றான் ஒரு வெண்ணி. "முரசுக்காரர்கிட்ட சொல்லுவோம்."

நெஞ்சில் முரசு கொட்டி ஆற்றை ஓட்டுபவர்தான் முரசுக்காரர். அவரிடம் நின்று பேச முடியாது. உள்ளே நுழைந்தவுடன் வெளியே தள்ளிவிடுவார். அதனால் ஆளுக்கு ஒரு துண்டாகச் சொன்னார்கள்.

"குதிகால்ல—" என்று சொல்லிக்கொண்டே ஒருவன் வெளியே போனான்.

"என்னலே குதிகால்ல?" என்றார் முரசுக்காரர்.

"முள்ளு குத்தி—" என்று அடுத்தவன் போனான்.

"—எவனெவனோ உள்ள வந்துட்டான், வேகமா விடுங்க!" என்று மூன்றாமவன் முடித்தான்.

"வேகம்தான வேணும்? இந்தா வாங்கிக்கோ!" என்று முரசுக்காரர் கை வலிக்கக் கொட்டினார். ஆறு சீறிக்கொண்டு ஓடியது. வெளியே உலகம்மைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. நெஞ்சு படபடவென்று அடிக்க, அவள் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு மர நிழலில் சாய்ந்தாள். ஆவுடை அவளுடைய காலைப் பார்த்தாள். கறுப்புப் புள்ளி மட்டும்தான் இருந்தது.  அந்தக் கறுப்புப் புள்ளியை அவள் தன் தாயின் காலிலும் பார்த்திருக்கிறாள்.

உள்ளே, ஆறு வேகமாக ஓட ஓட, வெண்ணிகள் குதிகாலை இன்னும் வேகமாகத் தாண்டிப் போனார்கள். முதலில் ஒரு மூச்சு நேரமாவது அந்த நெடி தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. இருந்தும் அவர்கள், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றே கத்தினார்கள். தும்பையனும் கத்தினான். கத்தும்போதே அவனுக்கு ஏதோ தப்பாகப் பட்டது. ஆனால் எல்லாரும் ஒன்றைச் சொல்லும்போது நாம் மட்டும் வேறு எதைச் சொல்வது என்று பயந்து, அவனும் கூடவே ஓடினான்.

கணுக்காலுக்குக் கீழே ஆறு சின்னச் சின்ன வாய்க்காலாகப் பிரியும். அங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். தும்பையன் பருத்த உடம்புக்காரன். அவன் முன்னால் மாட்டிக்கொண்டால் பின்னால் வருகிற சுமையாட்கள் எல்லாரும் நிற்க வேண்டியதுதான்.

"ஏ தடியா, நகருலே! மூச்சு கனக்கு!" என்று பின்னாலிருந்து கத்தினான் செவலை.

"நகருதேன் அண்ணே."

"நீ எங்க நகரப்போறே!"

வாய்க்கால் அகலமாகும் இடம் வந்ததும் செவலையும் அவன் ஆட்களும் முண்டியடித்து முன்னே பாய்ந்தார்கள். பாய்ந்த வேகத்தில் தும்பையனை இடித்து ஓரத்தில் தள்ளினார்கள். அவன் முகம் போய்க் கரையில் மோதியது.

ஒரு கரைக்காரி, "சீ, சோம்பேறி!" என்று இடித்தாள். அடுத்தவளும் இடித்தாள். தும்பையனுக்கு அவமானமாக இருந்தது. இருந்தாலும் அவன் ஒன்றைக் கவனித்தான். கரையில் உரசும்போது தன் வேகம் குறைந்துவிட்டது. நடு ஆற்றில் செவலை எங்கேயோ போய்விட்டான். அவன் மட்டும் பந்து மாதிரி ஓரமாக உருண்டுகொண்டிருந்தான். வேகம் குறைந்ததும் நெடி தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பக்கத்தில் கூடுதல், அந்தப் பக்கத்தில் குறைவு என்றுகூடத் தெரிந்தது.

நாம் இவ்வளவு நேரமும் வேகமாக ஓடித்தான் போய்ச் சேராமல் இருந்திருக்கிறோம் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

புரிந்தது பெரிய காரியம் இல்லை. இடித்துத் தள்ளுகிற கையை எப்படிப் பிடித்து நிற்பது? உருண்டுகொண்டே ஒவ்வொருத்தியிடமும் கெஞ்சினான்.

"அக்கா, கொஞ்சம் புடிச்சுக்கிடட்டுமா?"

"கையை எடுலே! யாராவது பார்த்தா என்ன நினைப்பாவ?"

"ஏ மைனி, நீங்களாவது—"

"மைனியாம்! யாருக்குலே மைனி? போலே அங்கிட்டு!"

அடுத்து நின்றவள் பெயர் வரப்பாயி. முள் குத்திய இடத்துக்கு நேர் எதிரே நின்றவள் அவள்தான். அவள் தும்பையனை இடிக்கவில்லை. அவள் முதுகுப் பக்கம்தான் பெருவாயன் கத்திக்கொண்டிருந்தார். அந்த நெடியில் அவள் முதுகு எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. கோத்த கையைப் பிரிக்க முடியாததால் அவளால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை. தும்பையன் தன்னைத் தாண்டி உருண்டு போகப் போகிறான் என்று தெரிந்ததும், அவள் தோளை ஒரு குலுக்குக் குலுக்கினாள். அவளுடைய முந்தானை நழுவி ஆற்றில் விழுந்தது.

"புடிலே!" என்றாள்.

தும்பையன் பிடித்தான். நழுவியது. மறுபடியும் பிடித்தான். ஆறு அவனைக் காலைப் பிடித்து இழுப்பது போல இழுத்தது. அவன் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்து, உடம்பைக் கரையோடு தட்டையாக ஒட்டிக்கொண்டான். பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தவன், முதன்முதலாக ஓர் இடத்தில் நின்றான். நிற்பது இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

"அக்கா, எனக்கு வழி விடணும்."

"நான் கையை விட்டா ஆறு வெளிய போயிரும்லே. உலகம்மை செத்துருவா."

"விடலைன்னாலும் செத்துருவா அக்கா."

 அது வரப்பாயிக்கும் தெரியும். அவள் முதுகுதானே எரிகிறது.

இடப்பக்கத்துக்காரி அவள் கையை இறுக்கினாள். "ஏ வரப்பாயி, கோட்டி கீட்டி புடிச்சிருக்கா உனக்கு? எவனோ ஒரு வெண்ணி கேட்டான்னு நீ கையை விடுவியா? காலங்காலமா கோத்த கைட்டீ இது!"

"கொஞ்சம் சும்மா இரு" என்றாள் வரப்பாயி. பிறகு தும்பையனிடம் கேட்டாள். "எம்புட்டு நேரம் விடணும்?"

"நான் நுழையுத நேரம் விட்டாப் போதும்."

"சரி. திரும்பி வாரப்போ?"

 அதைத் தும்பையன் யோசிக்கவே இல்லை.

"திரும்பி வாரப்போ நான் தொறக்க மாட்டேன்" என்றாள் வரப்பாயி. "கோவிச்சுக்கிடாதே. உள்ள இருந்து போறவனை என் கண்ணால பார்க்கேன். நம்பி விடலாம். வெளிய இருந்து முதுகைத் தட்டுறவன் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? உன் குரல்ல முள்ளுல வந்தவனுவளும் கூப்பிடலாம். நான் தொறந்தா அவனுவ ஆத்துக்குள்ள வந்துருவானுவ. ஆத்துக்குள்ள வந்துட்டா உடம்பு முழுக்க வந்த மாதிரிதான்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு கண்டுபிடிக்க முடியுமா என்று தும்பையன் எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தான். முடியவில்லை. ஆறு அவன் முதுகில் மோதி மோதிப் போனது. தூரத்தில் முரசு தாறுமாறாக அடித்தது. நடு நடுவே ஓர் அடி தவறியது.

"எனக்குப் பயமா இருக்கு அக்கா" என்றான்.

"எனக்கும்தாம்லே."

"சரி, விடுங்க."

வரப்பாயி கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பு உண்டான அன்று கோத்த கையை, இடப்பக்கத்துக்காரியின் பிடியிலிருந்து உருவினாள்.

"ஐயோ! கையை விட்டுட்டா! கரை போச்சு! கரை போச்சு!" என்று வரிசை முழுக்கக் கூச்சல் எழுந்தது. இடைவெளி ஒரு நூல் அளவுதான். தும்பையன் தலையை நுழைத்தான். தோளை நுழைத்தான். அவனுடைய நடு உடம்பில் ஒரு கெட்டியான உருண்டை இருந்தது. வெண்ணிகள் எல்லாருக்கும் அப்போது அது ஒரே உருண்டைதான். அது மாட்டிக்கொண்டது. பின்னால் ஆறு இழுக்க, முன்னால் நெடி இழுக்க, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உந்தினான். உருண்டை நசுங்கி, கிள்ளிவைத்த மாவு போலத் துண்டு துண்டாகப் பிதுங்கி, நடுவில் மெல்லிய இழை மட்டும் மிஞ்ச, ஒவ்வொரு துண்டாக வெளியே வந்தது. பிறகு அது பழைய உருவத்துக்குத் திரும்பவே இல்லை.

அவனுக்குப் பின்னால் ஆற்றுத் தண்ணீரும் கொஞ்சம் கசிந்து வந்தது. வரப்பாயி சட்டென்று மறுபடியும் கை கோத்தாள்.

தசைக்காட்டில் தரை ஓடாது. ஒவ்வோர் அடியையும் தானே எடுத்து வைக்க வேண்டும். தும்பையன் தவழ்ந்து, நெடி கூடுகிற பக்கமாகப் போனான். பெருவாயன் வயிறு புடைத்து, வாய் திறந்தபடியே விழுந்து கிடந்தார்.

"ஒருத்தன்தான் வந்தியா?" என்றார்.

"ஒருத்தன்தான் வந்தேன்."

"அங்க பாரு" என்று கண்ணால் காட்டினார்.

முள்ளேறி வந்தவர்கள் மணி மணியாக, கொத்துக் கொத்தாக இருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று இரண்டானது. தும்பையன் ஒருவனைப் பிடித்து விழுங்கினான். உள்ளே எரிந்தது. அடுத்தவனை விழுங்கினான். இன்னும் எரிந்தது. விழுங்கியவர்களைக் கொல்வதற்காக அவன் உடம்பே நெருப்பைச் சுரந்தது. அந்த நெருப்பு அவனையும் சேர்த்தே சுட்டது. தான் ஒருவன் போதாது என்று அவனுக்குத் தெரிந்தது. கத்தினான். அந்தக் கத்தலும் நெடியாகிக் கரைக்குப் போனது. 'வேகமா ஓடாதீங்க! ஓரமா வாங்க! அக்கா முந்தானையைப் புடிங்க!'

கரையில் அப்போது பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. "கரை உடையலைல்லா? ஆறு ஓடுதுல்லா?" என்று வரப்பாயி கேட்டாள்.  நெடி எல்லார் முதுகிலும் எரிந்தது.  இடப்பக்கத்துக்காரி முணுமுணுத்துக்கொண்டே தன் முந்தானையையும் ஆற்றில் நழுவவிட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள் விட்டாள். நடு ஆற்றில் சீறிக்கொண்டு போன வெண்ணிகள் ஓரத்துக்கு வந்து, முந்தானை முந்தானையாகப் பிடித்து உருண்டு, நின்று, நசுங்கி, வெளியே போனார்கள்.

வெளியே ஆவுடை அலறினாள். "ஏ அக்கா! கால் செவந்துட்டு! வீங்குது! தொட்டா சுடுது!" அந்தக் காலத்தில் யாருக்கும் கால் வீங்கியதில்லை. இதுவரை வலிக்காமல் இருந்த குதிகால் விண்விண் என்று தெறிக்க, உலகம்மை ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாகிற நேரம் வந்துவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அழுதுகொண்டே உலகம்மை, "குட்டியைப் புதர்ல இருந்து எடுத்தியாட்டீ?" என்று கேட்டாள். ஆவுடைக்கு அந்தக் குட்டியின் ஞாபகமே வரவில்லை.

தும்பையன் எப்போது விழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. விழுங்கிக்கொண்டிருந்தான். எரிந்துகொண்டிருந்தான். சுற்றிலும் மற்ற வெண்ணிகள் வந்து நிறைவதைப் பார்த்தான். நாம் செய்தது சரியா, தப்பா, கரைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று கடைசி வரையில் அவன் மனசு கிடந்து அலைந்தது. அதற்குப் பதில் கிடைப்பதற்குள் அவன் உடம்பு கரைந்துவிட்டது.

வீக்கம் பழுத்து, ஒரு நாள் உடைந்தது. வெள்ளையாகக் கெட்டியாகச் சீழ் வழிந்தது. ஆவுடை வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரால் அதைக் கழுவிவிட்டாள். வழிந்து போவது யார் என்று அவளுக்குத் தெரியாது. உலகம்மைக்குச் சூடு இறங்கியது. முரசு சீராக அடித்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, "ஏட்டி, கூழ் இருக்கா?" என்றாள்.

தாய்வீட்டிலிருந்து புதிதாக வந்த வெண்ணி ஒருத்தி, பிறகு ஒரு நாள் கரையோரமாக வந்தாள். வேறொரு முள், வேறொரு நெடி. அவள் வரப்பாயியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இப்படிப் போனவங்க திரும்பி வந்தாங்களா அக்கா?"

வரப்பாயிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "இல்லம்மா. ஒருத்தரும் வரலை" என்றாள்.

 புதியவள் முந்தானையை விடவில்லை. "சரி, தொறங்க" என்றாள்.

அன்று பிடித்துத்தான் முள் குத்திய இடத்தில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கரையோரமாக உருண்டு, நின்று, நசுங்கி வெளியே போகின்றன. அந்த இடம் சிவந்து, சுட்டு, வீங்கி வலிக்கிறது. போனவர்களில் யாரும் ஆற்றுக்குத் திரும்புவதில்லை.